கடலுக்கும் கொஞ்சம் இடம்

சமுத்திரம் உயர்ந்துகொண்டு வருகிறது என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். எவ்வளவு உயர்கிறது என்று விசாரித்தால் முதலில் நமக்குச் சிரிப்புத்தான் வரும். 2006-ஆம் வருஷம் முதல் 2018-ஆம் வருஷம் வரையில் கணக்கெடுத்ததில், வருஷம் ஒன்றுக்குச் சராசரி 3.7 மில்லிமீட்டர் உயர்ந்ததாம். அஃதாவது, ஏறக்குறைய ஒரு துவரம் பருப்பின் பருமன். "இவ்வளவுதானா? இதற்கா இத்தனை கூக்குரல்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால், வட்டிக்குக் கடன் வாங்கிய குடும்பஸ்தர்களைக் கேட்டுப் பாருங்கள். கடனும் முதலில் துவரம் பருப்பளவாகத்தான் வாசற்படி ஏறுகிறது. பிறகு அல்லவா அது வீட்டையே கேட்கிறது!

1901 முதல் 2018 வரையில் உலகத்துக் கடல்களின் மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய, உயர்ந்துவிட்டது. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் எவ்வளவு உயரும்? ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் பல கணக்குகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு ஓரங்களை மட்டும் இங்கே சொல்லுகிறேன். உலகத்தார் தங்கள் புகையை வெகு சீக்கிரத்தில் அடக்கிக்கொண்டால், 1995 முதல் 2014 வரை இருந்த சராசரி மட்டத்துக்கு மேல் 28 முதல் 55 சென்டிமீட்டர் உயரும். அடக்காமல் மேலும் மேலும் பெருக்கிக்கொண்டே போனால் 63 முதல் 101 சென்டிமீட்டர். முழக்கணக்கில் சொன்னால், சமர்த்தாக இருந்தால் ஒரு முழம். இல்லாவிட்டால் இரண்டு முழம்.

இரண்டு முழந்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. கடல் என்பது அண்டாவில் நிரப்பிய ஜலம் அன்று. அண்டாவின் பக்கங்கள் செங்குத்தானவை. ஜலம் உயர்ந்தால் உயர்ந்த இடத்திலேயே நிற்கும். நம்முடைய கீழைக் கடற்கரையோ தாம்பாளத்தின் ஓரத்தைப் போல் மெல்லச் சாய்ந்து கிடப்பது. நூறு அடி நடந்தால் ஓர் அடி மேடேறுகிற கரையில், கடல் ஓர் அடி உயர்ந்தால் அது நூறு அடி உள்ளே வந்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. புயலும் பௌர்ணமி ஏற்றமும் சேர்ந்து வரும் நாட்களில் என்ன ஆகும் என்பதற்குப் பெரியவர்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

"பெரியபாளையத்து வாத்தியாருக்குச் சமுத்திரத்தைப் பற்றி என்ன கவலை?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பவானி அம்மன் சந்நிதியிலிருந்து கடற்கரை சுமார் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் மெரினாவுக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வருகிற இடம். கடல் எங்கள் ஊரைத் தேடி வரும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அது வேறொரு பாதையாக எங்கள் திசையிலேயே புறப்பட்டுவிட்டது. அந்தப் பாதையைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன். முதலில் அந்த மெரினாவையே எடுத்துக்கொள்வோம்.

மெரினா கடற்கரை ஆதியிலிருந்தே இவ்வளவு விசாலமாக இருந்ததென்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியன்று. முற்காலத்தில் அலைகள் ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலுக்கு வெகு சமீபத்தில் வந்து மோதிக்கொண்டிருந்தன. 1875-இல் சென்னைத் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். கடலுக்குள்ளே இரண்டு கற்கரங்களை நீட்டிக் கட்டினார்கள். 1881-இல் அடித்த புயல் அவற்றைச் சின்னாபின்னமாக்கியும் விடாமல் மறுபடி கட்டினார்கள். அதன் பிறகுதான் தெற்கே மணல் வந்து குவியத் தொடங்கிற்று. அந்தப் புதிய மணலைக் கண்டு, அப்போது கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் 1884-இல் உலாவுவதற்கு ஒரு பாதை போட்டு, மெரினா என்று பெயரும் சூட்டினார்.

இந்த மணல் எங்கிருந்து வந்தது? நம் கரையோரமாகக் கண்ணுக்குத் தெரியாத மணல் ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்றின் மாதங்களில் அலைகள் சாய்ந்து வந்து மோதி, மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக் காற்று வந்ததும் சில மாதங்கள் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. வருஷ முடிவில் வரவு செலவு பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். இந்த மணல் ஆற்றின் குறுக்கே துறைமுகக் கரத்தை நீட்டினால், ஒரு பக்கம் மணல் தேங்கும். மறு பக்கம் பட்டினி கிடக்கும். தெற்கே தேங்கியது மெரினாவாயிற்று. வடக்கே பட்டினி கிடந்தவை ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். அங்கே பல நூறு மீட்டர் அகலத்துக்கு நிலத்தைக் கடல் விழுங்கிவிட்டது. மீனவர் தெருக்களும் கோயில்களும் போயின. ஒரே துறைமுகம், தெற்கே இருந்தவர்களுக்கு உல்லாச மணலைக் கொடுத்தது. வடக்கே இருந்தவர்களின் வீட்டைப் பறித்தது. சென்னைக்குப் போய் மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது.

பறிபோன கரையைக் காப்பதற்கு என்ன செய்தார்கள்? கல்லைக் கொட்டினார்கள். இன்று காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையில் போகிறவர்கள் கரையோரமெல்லாம் பாறைகளைப் பார்க்கலாம். பின்னால் ஜனங்கள் நெருக்கமாகக் குடியிருக்கிறபோது வேறு வழி இல்லை என்பது உண்மை. அந்த வீடுகளை அலைக்குக் கொடுத்துவிடு என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. ஆயினும், கற்சுவர் வைத்தியத்தில் ஒரு பத்தியம் மறைந்திருக்கிறது. மணற்கரை அலையின் வேகத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சி அதைச் சாந்தப்படுத்துகிறது. கற்சுவர் அப்படிச் செய்வதில்லை. வந்த வேகத்தோடே திருப்பி அடிக்கிறது. திரும்பிய அலை சுவரின் காலடியில் இருக்கும் மணலைப் பறித்துக்கொண்டு போகிறது. சில வருஷங்களில் சுவர் இருக்கும், கரை இருக்காது. படகை இழுத்து நிறுத்தவும், வலையை உலர்த்தவும், மீனைக் காயப்போடவும் இடமில்லாமற் போகும். சுவர் முடிகிற இடத்திலோ, அடுத்த ஊர்க்காரன் கரை அரிக்கத் தொடங்கும். அவனும் கல் கேட்பான். அவனுக்கு வடக்கே இருப்பவன் பிறகு கேட்பான். இப்படிப் பார்த்தால் கல் வியாபாரத்துக்கு முடிவே இல்லை.

புதுச்சேரியிலும் இதே கதைதான் நடந்தது. 1908 முதல் 1918 வரையில் பாரதியார் வாசம் செய்த ஊர் அல்லவா அது? அவர் காலத்தில் அங்கே நல்ல மணற்கரை இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். மணல் அங்கே தங்கிவிட்டது. ஊருக்கு முன்னால் இருந்த மணல் கொஞ்சங் கொஞ்சமாக மறைந்து, கற்குவியல்தான் மிஞ்சிற்று. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கடற்கரைச் சாலை என்று பெயரிருந்தும் கடற்கரையைக் காணாமலே வளர்ந்தார்கள்.

ஆனால் இந்தக் கதைக்கு ஓர் உத்தர காண்டம் உண்டு. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்து இஞ்சினீயர்கள் 2018-இல், தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்கடியில் எஃகினாலான ஆப்பு வடிவமான ஒரு திட்டை இறக்கி வைத்தார்கள். அது தண்ணீருக்கு மேலே தலை காட்டாது. வருகிற அலையை மட்டும் சற்றுத் தட்டிச் சாந்தப்படுத்தும். துறைமுக வாயில் தூர்வாரிய மணலைக் கொண்டுவந்து கரைக்கும் ஊட்டினார்கள். மணல் மெல்லத் திரும்பிற்று. குழந்தைகள் மறுபடி மணல் வீடு கட்டத் தொடங்கினார்கள். அலையோடு மல்லுக்கு நிற்பதைக் காட்டிலும் அதன் போக்கை அறிந்து பேசுவது பலன் தரும் என்பதற்கு, நம் கண்ணெதிரிலேயே நம்மவர்கள் செய்து காட்டிய திருஷ்டாந்தம் இது.

நம் முன்னோர்கள் கடற்கரையை ஒரு கோடாக எண்ணவில்லை. அதற்கு நெய்தல் என்று பெயர் வைத்து, ஒரு முழு நிலமாகவே மதித்தார்கள். கானல் உண்டு, கழி உண்டு, உப்பங்கழியில் கண்டல் உண்டு, மணல் மேட்டில் அடும்பு படர்ந்திருக்கும், அதற்குப் பின்னால் தாழை, புன்னை, பனை என்று அடுக்கடுக்காக நிற்கும். இந்த அடுக்குகள் கவிஞர்களின் அலங்காரத்துக்காக மட்டும் ஏற்பட்டவையல்ல. அடும்பங்கொடி மணலைக் கட்டிப் பிடிக்கும். தாழை வேலியாக நின்று காற்றின் வேகத்தைக் குறைக்கும். கண்டல், அதாவது அலையாத்தி, தன் வேர்களை வலைபோலப் பரப்பி அலையை ஆற்றும்; பெயரே அதைச் சொல்லுகிறதே! கடல் ஒரு சாண் உயர்ந்தால் இந்த அடுக்குகளும் ஒரு சாண் பின்வாங்கிக்கொள்ளும். அதற்கு அவற்றின் பின்னால் காலி நிலம் வேண்டும். பின்னால் சுவரையும் சாலையையும் கட்டிவிட்டோமானால், முன்னால் கடலும் பின்னால் கல்லுமாக அவை நசுங்கிச் சாகும்.

இக்காலத்தில் உலகெங்கும் நீர்க்கரைகளில் பூங்கா அமைக்கிற சிற்பிகள் இந்த நெய்தல் யோசனைக்கே திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். பூங்கா என்றால் நமக்கு உடனே தோன்றுவது என்ன? இரும்புக் கிராதி, சிமெண்டுப் பாதை, பச்சைப் புல், நடுவில் ஒரு நீரூற்று, "புல்லின் மேல் நடக்கக்கூடாது" என்று ஒரு பலகை. இத்தகைய பூங்காவில் ஜலம் புகுந்தால் அது நஷ்டம். புதுவிதப் பூங்காவிலோ ஜலம் புகுவதற்காகவே இடம் ஒதுக்கியிருக்கிறது. ஜலம் வந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. வராத நாட்களில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

சயாம் தேசத்துப் பாங்காக் நகரில், சூலாலங்கோர்ன் சர்வகலாசாலையின் நூற்றாண்டு ஞாபகமாக 2017-இல் 11 ஏக்கரில் ஒரு பூங்கா திறந்தார்கள். பூமியையே மூன்று டிகிரி சாய்த்து அமைத்திருக்கிறார்கள். மேட்டுப் பக்கத்தில் பெய்த மழை செடிகொடிகளினூடே வடிந்து, பள்ளத்துக் குளத்தில் சேருகிறது. சுமார் 38 லட்சம் லிட்டர் ஜலம் அதில் தங்கும். ஹாலந்து தேசத்து ராட்டர்டாமில் 2013-இல் ஒரு சதுக்கம் கட்டினார்கள். வெயில் நாளில் அது பந்து விளையாடும் களம். பெருமழை நாளில் அதுவே தெப்பக்குளம். சிங்கப்பூரில் நம்மவர்கள் மாலையில் உலாவும் பீஷான் பூங்காவில், முன்பு 2.7 கிலோமீட்டர் நீளச் சிமெண்டு வாய்க்காலாக ஓடிய காலாங் நதியை, 2012-இல் சிமெண்டை உடைத்துவிட்டு வளைந்து நெளிந்து ஓடும்படி செய்தார்கள். வெள்ளம் வந்தால் புல்வெளியின் மேல் ஏறி ஓடுகிறது. மழை நின்றதும் இறங்கிவிடுகிறது. ஹாலந்துக்காரர்கள் கடற்கரையில் செய்ததோ இன்னும் விந்தை. 2011-இல் ஹேக் நகரத்துக்குத் தெற்கே 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, "இதைக் கரை நெடுகப் பங்கிடுவது உங்கள் பொறுப்பு" என்று காற்றிடமும் அலையிடமும் ஒப்படைத்துவிட்டார்கள்.

அந்நிய தேசங்களுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அடையாறு கடலோடு சேரும் இடத்தில், குப்பையும் கட்டட இடிபாடுகளும் குவிந்து கிடந்த 58 ஏக்கரைத் துப்புரவு செய்து, தூர்ந்த ஓடைகளைத் தோண்டி, கடலின் ஏற்ற வற்றம் மறுபடி வந்துபோக வழி செய்து, அலையாத்தி முதலிய நாட்டு மரங்களை நட்டார்கள். 2011-இல் அதைத் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். அங்கே புல்தரை அழகைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். சேற்றில் ஓடும் நண்டையும், ஒற்றைக் காலில் தவம் செய்யும் கொக்கையும் பார்க்கப் பொறுமையுள்ளவர்கள் திருப்தியோடு திரும்புவார்கள்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சில விதிகள் தாமே விளங்குகின்றன. ஜலத்தருகில் செங்குத்தாகச் சுவர் எழுப்பாமல், இடம் உள்ள மட்டும் சரிவாக விட வேண்டும். நனைந்தால் கெடாத பொருள்களையே தாழ்ந்த படியில் வைக்க வேண்டும். விளையாட்டுத் திடல், நடைபாதை, கல் ஆசனம் ஆகியவை அங்கே இருக்கலாம். பம்பு அறை, மின்சாரப் பெட்டி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவை மேட்டில்தான் இருக்க வேண்டும். உள்ளே வந்த ஜலம் வெளியே போக வழி வேண்டும். அங்கங்கே அந்தந்த மண்ணின் மரஞ்செடிகளை வைக்க வேண்டும். மீனவர்களின் படகுக்கும் வலைக்கும் உள்ள இடத்தைக் கிராதி போட்டு அடைக்கலாகாது. நீர்க்கரையை நம்மைவிட அதிகமாக அறிந்தவர்கள் அவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மணலின் வழியை மறிக்கக்கூடாது.

இப்போது, முன்னால் பாக்கி வைத்த விஷயத்துக்கு வருகிறேன். கடல் எங்கள் ஊரை நோக்கிப் புறப்பட்டுவிட்டது என்றேனே, அது பூமிக்கு மேலே அன்று, பூமிக்குக் கீழே.

நன்னீர் உப்பு நீரைவிட லேசானது. கடலோரப் பூமிக்குள்ளே நன்னீர் மேலேயும் உப்பு நீர் கீழேயுமாக, எண்ணெயும் தண்ணீரும்போல் அடுக்காக நிற்கின்றன. 1888-இல் ஹாலந்து ராணுவ இஞ்சினீயர் கைபனும், 1901-இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பர்கும் இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை அது அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். தலைகீழாகப் பாருங்கள்: கிணற்று மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்பு 40 மீட்டர் மேலேறத் தயாராகிறது. கடல் மட்டம் உயர்ந்தாலும் விளைவு அதே திசையில்தான்.

நம் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஆயிரமாயிரம் வருஷங்களாகக் கொண்டுவந்து பரப்பிய மணற்படுகையில் நல்ல ஊற்று ஏராளம். 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு அதை ஆராய்ந்தார்கள். பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்கிணறுகள் தோண்டிப் பட்டணத்துக்கும் மணலியிலுள்ள தொழிற்சாலைகளுக்கும் ஜலம் கொண்டுபோனார்கள். குடியானவர்களும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். மழை கொடுத்ததற்கு மேல் மனிதர் எடுத்ததால் உப்பு உள்ளே நுழைந்தது. முதலில் கரையை ஒட்டிச் சில கிலோமீட்டரோடு நின்ற உப்பு, பின்னர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. மீஞ்சூர்ப் பக்கத்தில் நெல் விளைந்த வயல்கள் தரிசாயின. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பிரதேசத்துக்கென்று 1987-இல் ஒரு சட்டமே செய்ய நேர்ந்தது. 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாள் ஒன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். காலுக்கடியில் இருந்த இனிய ஊற்றை உப்பாக்கிக்கொண்டு, பிறகு உப்புக் கடலைக் காசு கொடுத்து இனிப்பாக்குகிறோம்!

இந்த உப்பைக் கொண்டுவந்தது கடல் மட்டத்தின் உயர்வு அன்று, நம்முடைய மோட்டார். அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால், கதவைத் திறந்து வைத்தவர்கள் நாம். இனிமேல் அதன் வழியே உயர்ந்து வரப்போவது கடல். ஆகையால்தான் கடற்கரைப் பாதுகாப்பு என்பது கடற்கரையில் மட்டும் நடக்கிற காரியம் அன்று என்கிறேன். அது எங்கள் பெரியபாளையத்திலேயே தொடங்குகிறது.

ஆரணியாறு ஆந்திர தேசத்திலே பிறந்து, பிச்சாட்டூர் அணை தாண்டி, பள்ளிகொண்ட ஈசுவரன் எழுந்தருளிய சுருட்டப்பள்ளியையும் ஊத்துக்கோட்டையையும் தொட்டு, எங்கள் ஊர் வழியாகப் பொன்னேரிப் பக்கம் போய்ப் பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பிலை உடுத்திப் பிரார்த்தனை செலுத்த வரும் ஜனத்திரள், இந்த ஆற்று மணலில் பொங்கலிட்டுத் தங்குவது வழக்கம். அந்த மணல் சாமானியப் பொருள் அன்று. மழை ஜலத்தைக் குடித்துப் பூமிக்குள் சேமிப்பது அதுதான். வெள்ளத்தோடு உருண்டு போய்க் கடற்கரைக்கு உணவாவதும் அதுதான். ஆற்றில் லாரி வைத்து மணலை அள்ளினால், மேலே ஊற்றுக்கு வாய் போயிற்று; கீழே கரைக்குச் சோறு போயிற்று. ஆற்றங்கரையில் சிமெண்டுச் சுவர் எழுப்பி அதற்கு அபிவிருத்தி என்று பெயர் வைத்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். வெள்ளம் பரவி நிற்க இடமில்லாமல் வேகமெடுத்து ஓடும். பொன்னேரிக்காரர்கள் வீட்டில் போய்ப் புகும்.

ஆகையால், பெரியபாளையத்து ஆற்றங்கரையில் ஒரு பூங்கா வருமானால் அது எப்படியிருக்க வேண்டும்? ஆடியில் லட்சக்கணக்கான ஜனங்கள் தங்க வேண்டும்; ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் தங்க வேண்டும். ஒரே நிலம் இரண்டு விருந்தாளிகளுக்கும் உதவும். வெள்ளத்தின் மாதத்தில் யாத்திரீகர்கள் குறைவு. யாத்திரீகர்களின் மாதத்தில் வெள்ளம் இல்லை. பஞ்சாங்கமே நமக்குத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது! கழிப்பிடங்களும் தண்ணீர்த் தொட்டியும் மேட்டில் இருக்கட்டும். கரையில் மருதும் நாவலும் வேம்பும் நிற்கட்டும். தாழ்ந்த படியைச் சிமெண்டு பூசாமல் மணலாகவே விட்டுவிடட்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைப் போன்ற இடங்களிலும், கூரையில் விழும் மழையைச் சாக்கடைக்கு அனுப்பாமல் குளத்துக்கு அனுப்பினால், பூமிக்குள் உப்பை எதிர்த்து நிற்கும் நன்னீர்ச் சேனைக்கு அது ஆள் சேர்த்ததாகும்.

கீழே கடலோரத்தில் இதைவிடப் பெரிய கேள்வி காத்திருக்கிறது. பழவேற்காட்டு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. அதற்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகம். இவ்விரண்டும் கழியும் சேறும் அலையாத்தியுமாகக் கிடப்பதைப் பார்த்து, வீணாகக் கிடக்கும் நிலம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2001-இல் எண்ணூரிலும் பின்னர் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. அலையாத்திக் காடு சுருங்கிற்று. தொழில் வேண்டாம், துறைமுகம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நம் தேசம் இல்லை. இந்தப் பக்கத்து எத்தனையோ குடும்பங்களுக்கு அவைதாம் அரிசி போடுகின்றன. ஆனால், வெள்ளத்துக்கும் கடலுக்கும் இருக்கிற ஒரே முற்றத்தை நிரப்பி அதன் மேல் தொழிற்சாலை கட்டினால், நாளைக்கு அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே ஜலம் வந்து நிற்கும். ஆக, அந்தக் கழிகளைக் காப்பாற்றுவது தொழிலுக்கே செய்யும் உபகாரமாகும்.

சட்டமும் இந்த விஷயத்தில் விசித்திரமான திசையில் நடந்திருக்கிறது. 1991-இல் இந்திய சர்க்கார் வெளியிட்ட கடலோர ஒழுங்கு அறிவிப்பில், கிராமப்புறக் கரைகளில் ஏற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரையில் பொதுவாகப் புதுக் கட்டடம் எழுப்பக்கூடாது என்று இருந்தது. 2019-ஆம் வருஷ அறிவிப்பில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறங்களில், உரிய திட்டம் அங்கீகாரம் பெற்ற பின், அந்தத் தூரம் 50 மீட்டராகக் குறைந்தது. ஜனநெருக்கம் மிகுந்த ஊர்களில் வீடு கட்ட இடம் வேண்டாமா என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. எனினும், கடல் கூடுதலாக இடம் கேட்கிற சமயம் பார்த்து நாம் அதன் இடத்தைக் குறைக்கிறோம் என்பதை மறுக்க முடியாது. ஏழை மீனவர் வீட்டுக்கென்று தளர்த்திய விதி, பணக்காரர் விடுதிக்கு வாசலாகிவிடாமல் பார்த்துக்கொள்வது ஜனங்களின் பொறுப்பு.

ஜனங்கள் என்ன செய்ய முடியும்? சுயராஜ்யம் வந்ததன் பலன், கேள்வி கேட்கும் பாத்தியதை நமக்கு வந்ததுதான். குடியரசு தினத்திலும், மே தினத்திலும், சுதந்தர தினத்திலும், காந்தி ஜயந்தியிலும் கிராம சபை கூடுகிறது. 2022-இலிருந்து உலக நீர் நாளாகிய மார்ச் 22-ஆம் தேதியும் தமிழ்நாட்டில் அதற்குரிய நாட்களில் ஒன்றாயிற்று. பெரும்பாலும் நாம் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. போனாலும் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். தெருவிளக்கும் வேண்டியதுதான். அதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். நம் ஊர் ஏரி, குளம், ஆற்றுப்படுகை ஆகியவற்றின் எல்லைகள் கிராமக் கணக்கிலே எவ்வளவு, இன்று தரையிலே எவ்வளவு? ஆற்றங்கரையில் எந்த வேலை செய்தாலும் வெள்ளம் பரவ இடம் விட்டிருக்கிறதா? நம் ஊர்க் கிணறுகளின் மட்டத்தையும் உப்பையும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது அளந்து, ஜனங்கள் பார்க்கும்படி ஒரு பலகையில் எழுதி வைக்கிறார்களா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் "இல்லை" என்று வந்தால், அதற்காகச் சர்க்காரை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்று மட்டத்தை அளக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். உப்பை அளக்கும் சிறு கருவி ஒன்று பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறைக்கு வாங்கி வைத்தால் போதும். சித்திரையில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை என்று ஐந்து வருஷம் விடாமல் எழுதி வந்தோமானால், உப்பு எந்தத் தெரு வரையில் வந்திருக்கிறது என்பது ஊராருக்கே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்துகொண்ட ஊரார், ஆற்றங்கரைக்குச் சிமெண்டு வருகிறபோது கைதட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். "தண்ணீருக்கு இடம் எங்கே?" என்று கேட்பார்கள்.